மலையின் பெயர் தாத்தாவுக்கு எப்படி வந்தது? 'வேங்கடம்' என்ற பெயரின் பொருளும் வரலாறும்

பக்கத்து வீட்டுப் பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தமிழில் சந்தேகம் வந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒரு நாள் மாலை 'வடவேங்கடம் தென்குமரி ஆயிடைத் தமிழ்கூறும் நல்லுலகத்து' என்ற வரியை மனப்பாடம் செய்தபடி கூடத்தில் நடந்துகொண்டிருந்தவள், சுவரில் இருந்த என் தாத்தாவின் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். படத்தின் கீழே 'வேங்கடம்' என்று எழுதி, பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் போட்டிருக்கும்.

"மிஸ், இதுல தாத்தா பேரையே காணோமே. ஊர் பேருதானே இருக்கு?"

நியாயமான கேள்விதான். எல்லையைச் சொல்லும் செய்யுளில் இப்போதுதான் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறாள். அதே சொல் ஒரு மனிதரின் படத்துக்குக் கீழே இருந்தால் குழம்பத்தானே செய்யும்? பெரியவர்களே குழம்பியிருக்கிறார்கள். ஒரு முறை அப்பாவின் சான்றிதழில், தந்தை பெயர் என்று நாங்கள் எழுதிக் கொடுத்த 'வேங்கடம்' சொந்த ஊர் என்ற கட்டத்தில் ஏறிவிட்டது. அதைத் திருத்த அந்த அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தோம். எங்களுக்குச் சொந்த ஊர் சென்னையில் சூளை. தாத்தா பிறந்ததும் அங்கேதான்.

அப்புறம் அந்த ஊர்ப்பெயர் எங்கிருந்து வந்தது? அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பள்ளியில் ஆகுபெயர் என்று படித்திருப்போம். சேப்பாக்கத்தில் ஆட்டம் முடிந்ததும் "சென்னை ஜெயிச்சிருச்சு" என்று தெருவே கத்துகிறது. ஜெயித்தது ஊரா? ஊரின் பெயரில் விளையாடிய பதினோரு பேர். ஊருக்கு உரிய பெயர் அவர்களுக்கு ஆகி வந்திருக்கிறது. இதைத்தான் இடவாகுபெயர் என்கிறோம். நன்னூல் இதை 'ஒன்றன் பெயரான் அதற்கியை பிறிதைத் தொன்முறை உரைப்பன ஆகுபெயரே' என்கிறது. ஒன்றின் பெயரால், அதோடு தொடர்புள்ள இன்னொன்றை, வழிவழியாகச் சொல்லி வருவது. 'தொன்முறை' என்ற சொல்லைக் கவனியுங்கள். நினைத்தபடி எந்தப் பெயரையும் எதற்கும் ஆக்கிவிட முடியாது. ஊர் வழக்கு அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த ஆகுதல் ஒரு படியோடு நிற்க வேண்டும் என்பதும் இல்லை. 'கார்' என்றால் கருமை. அது கரிய மேகத்துக்குப் பெயராகி, அந்த மேகம் பெய்யும் பருவத்துக்குப் பெயராகி, அந்தப் பருவத்தில் விளையும் நெல்லுக்கும் பெயரானது. இப்படி அடுக்கி வருவதை இருமடி ஆகுபெயர், மும்மடி ஆகுபெயர் என்று இலக்கணக்காரர்கள் பிரித்துச் சொல்வார்கள். மனிதர்களுக்கு இடும் பெயரை அவர்கள் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் தாத்தாவின் பெயர் நடந்து வந்த வழியும் இதுதான் என்பது என் எண்ணம். முதலில் அது மலையின் பெயர். பிறகு அந்த மலையில் நிற்கும் பெருமாளின் பெயர். அதன் பிறகு, அந்தப் பெருமாளிடம் வேண்டிப் பெற்ற பிள்ளையின் பெயர்.

நடுவில் இருக்கும் படிதான் முக்கியம். அதை விட்டுவிட்டால் அந்தச் சான்றிதழில் நடந்த தவறுதான் நடக்கும். வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "உங்க குலதெய்வம் எது?" என்று கேட்டால் "எங்களுக்குத் திருப்பதி" என்கிறார்கள். "பழனிக்கு வேண்டியிருக்கோம்" என்கிறார்கள். திருப்பதி ஊர், பழனி ஊர். ஊருக்கு யாராவது வேண்டிக்கொள்வார்களா? சொல்கிறவர் மனதிலும் கேட்கிறவர் மனதிலும் அந்தச் சொல் சாமியைத்தான் குறிக்கிறது. அதனால்தான் ஒருவருக்குப் பழனி என்று பெயர் இருந்தால், அவருக்கு ஊர்ப்பெயர் வைத்திருப்பதாக நமக்குத் தோன்றுவதே இல்லை. சிதம்பரம், அண்ணாமலை, காசி, செந்தில் எல்லாமே இப்படித்தான்.

தாத்தாவுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இது பாட்டி எனக்குச் சொன்னது, பாட்டிக்கு அவருடைய மாமியார் சொன்னது. மூன்றாவது முறை வயிற்றில் தங்கியதும் கொள்ளுப்பாட்டி ஒரு காலணாவை மஞ்சள் தோய்த்த துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாராம். 'பிள்ளை நின்றால் முதல் முடி உனக்கு, பெயரும் உன் பெயர்' என்று வேண்டுதல். தினமும் சமையலுக்கு அரிசி அள்ளும்போது கைவிரலில் அந்த முடிச்சு படும். பிள்ளை பிறந்தது, நின்றது. ஒரு வயதில் திருமலைக்குத் தூக்கிப்போய் முடி இறக்கி, அந்தக் காலணாவை உண்டியலில் போட்டார்கள். இப்படி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் வழக்கம் சென்னை வீடுகளில் இன்றும் இருக்கிறது. பிள்ளை தங்காத வீடுகளில் பிச்சை, குப்பு என்று பெயரிட்டுப் பிள்ளையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் மலையின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சரி, வேங்கடம் என்றால் என்ன பொருள்?

தமிழில் இது மிகப் பழைய சொல். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரத்தில் இது தமிழகத்தின் வடக்கு எல்லை. அகநானூற்றில் மாமூலனார், 'பனிபடு சோலை வேங்கடத்து உம்பர் மொழிபெயர் தேஎத்தர்' என்கிறார். வேங்கடத்துக்கு அப்பால் மொழி மாறிவிடுகிறது. பொருள் தேடிப் போன தலைவன் அந்த மலையைத் தாண்டிவிட்டான் என்றால், தன் பேச்சு செல்லாத நாட்டுக்குப் போய்விட்டான் என்று தலைவி தவிக்கிறாள். இன்னொரு பாட்டில் அதே மாமூலனார், கள்வர் தலைவனான புல்லி ஆண்ட 'விழவுடை விழுச்சீர் வேங்கடம்' என்கிறார். திருவிழாக்கள் நிறைந்த, பெரும் சிறப்புள்ள வேங்கடம். சிலப்பதிகாரத்துக்கு வரும்போது 'வீங்குநீர் அருவி வேங்கடம் என்னும் ஓங்குயர் மலையத்து உச்சி மீமிசை' நெடியோன் நின்ற கோலம் தெளிவாகப் பேசப்படுகிறது.

சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்வதில் பல வழிகள் உண்டு. 'கடம்' என்றால் பழந்தமிழில் வறண்ட காட்டு வழி. வெம்மையான கடம் என்பதால் வேங்கடம் ஆனது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'வெம்' என்ற குறிலோடு சேர்ந்தால் வெங்கடம் என்றல்லவா வரவேண்டும்? பழம்பாடல்களில் எல்லாம் நெடில் 'வே'தான். அதனால் எனக்கு அது முழுதாக ஒட்டவில்லை. நம்மாழ்வார் திருவாய்மொழியில் சொல்லும் வழி எழுத்துக்கும் பொருந்துகிறது, மனதுக்கும் பொருந்துகிறது. 'வேங்கடங்கள் மெய்ம்மேல் வினை முற்றவும்' என்று அந்தப் பாசுரம் தொடங்கும். இங்கே 'வேம்' என்பது 'வேகும்' என்பதன் குறுக்கம். 'கடம்' என்பது கடன். உடம்பின் மேல் ஏறிய கடன்களெல்லாம் வெந்துபோகும் என்று அடுத்த வரிகளில் வரும் மலையின் பெயரையே பிரித்துப் பொருளாக்கிவிடுகிறார். வடமொழி வழியில் பொருள் சொல்பவர்களும் பாவத்தை எரிப்பது என்ற இடத்துக்கே வந்து சேர்கிறார்கள். நேர்த்திக்கடன் தீர்க்கப் போகிற மலைக்குக் கடன் வேகும் மலை என்று பெயர் என்றால், அதைவிடப் பொருத்தம் ஏது?

அந்த மலைமேல் எதுவாக இருந்தாலும் போதும் என்று ஏங்கியவர் குலசேகர ஆழ்வார். குளத்தில் வாழும் குருகாக, மீனாக, செண்பக மரமாக, கடைசியில் சன்னிதி வாசலில் மிதிபடும் படியாகக் கிடக்கக் கேட்கிறார். முடிவில் 'எம்பெருமான் பொன்மலைமேல் ஏதேனும் ஆவேனே' என்று கேட்டதையெல்லாம் ஒன்றாகக் கட்டிவிடுகிறார். கருவறைக்கு முன் உள்ள படியை இன்றும் குலசேகரன் படி என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளைக்கு வேங்கடம் என்று பெயர் வைக்கும் தாயின் ஆசையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஒரே மலைப்பெயர் எத்தனை ஆட்பெயர்களைப் பெற்றிருக்கிறது என்று பாருங்கள். வேங்கடம், திருவேங்கடம் என்று வெறும் பெயராகவே வைப்பார்கள். 'அசலம்' சேர்ந்தால் வேங்கடாசலம். சலனம் என்றால் அசைவு, அசலம் என்றால் அசையாதது, அதாவது மலை. அருணாசலம், தணிகாசலம், சேஷாசலம், விருத்தாசலம் எல்லாவற்றிலும் இருப்பது இந்த அசலம்தான். 'அத்ரி' என்றாலும் மலை, எனவே வேங்கடாத்ரி. தலைவன் என்ற பொருளில் வேங்கடேசன், வேங்கடபதி, வேங்கடநாதன். வேறு சாமியோடு சேர்த்தால் வேங்கடராமன், வேங்கடகிருஷ்ணன், வேங்கடசுப்பிரமணியன். பெண்களுக்கு வேங்கடம்மாள், வேங்கடலட்சுமி. வடசென்னையிலும் வடமாவட்டங்களிலும் இந்தப் பெயருக்குத் தூய தமிழில் ஓர் உடன்பிறப்பு உண்டு, ஏழுமலை. சேஷாத்ரி, நீலாத்ரி, கருடாத்ரி, அஞ்சனாத்ரி, விருஷபாத்ரி, நாராயணாத்ரி, வேங்கடாத்ரி என்று ஏழு குன்றுகள். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அள்ளிப் பிள்ளைக்கு வைத்துவிடுகிறார்கள். சென்னை சென்ட்ரலிலிருந்து திருப்பதிக்குப் போகும் சப்தகிரி ரயிலுக்கும் அதே பொருள்தான்.

ஆட்பெயராக இது பரவிய கதையில் வைணவ ஆசாரியர்களுக்குப் பங்கு உண்டு. 1268இல் காஞ்சிபுரத்தின் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடநாதன். திருமலைக் கோயிலின் மணியே அவராகப் பிறந்தது என்று அவருடைய பக்தர்கள் சொல்வார்கள். ஆனால் பெயரைத் தெற்கு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் விஜயநகரத்து அரசர்கள் என்றுதான் நினைக்கிறேன். கிருஷ்ணதேவராயர் திரும்பத் திரும்பத் திருமலைக்கு வந்து பொன்னும் மணியும் கொடுத்தவர். அவரும் அவருடைய இரண்டு தேவியரும் கைகூப்பி நிற்கும் செப்புச் சிலைகள் கோயிலுக்குள் இன்றும் இருக்கின்றன. அந்தத் தேவியரில் ஒருவர் பெயர் திருமலாதேவி. கிருஷ்ணதேவராயருக்குப் பின்னால் வந்த அரவீடு வம்சத்தில் முதலில் ஆண்டவர் திருமலைராயர். அவருடைய மகன்களில் ஸ்ரீரங்கராயரும் வேங்கடபதிராயரும் அடுத்தடுத்துப் பட்டத்துக்கு வந்தார்கள். திருமலை, ஸ்ரீரங்கம், வேங்கடம். மூன்றும் தலங்களின் பெயர்கள். அரசன் பெயரை நாயக்கர்களும், நாயக்கர் பெயரைக் குடிகளும் பிள்ளைகளுக்கு வைப்பது எந்தக் காலத்திலும் நடப்பதுதானே. மதுரையில் மகால் கட்டிய திருமலை நாயக்கரின் பெயரில் இருப்பதும் இதே மலை.

சென்னை பிறந்த கதையிலும் அந்தப் பெயர் இருக்கிறது. 1639இல் கூவம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கோட்டை கட்ட ஆங்கிலேயக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவருக்கு மேலே அரசராக இருந்தவர் வேங்கடபதிராயர், அதே வம்சத்தில் அந்தப் பெயரோடு வந்த இன்னொருவர். ஆக, கொடுத்தவர் பெயரும் மலை, அவருடைய அரசர் பெயரும் மலை. நாம் சென்னை நாளாகக் கொண்டாடும் ஆகஸ்டு 22 அந்தக் கொடையின் நினைவுதான். வேங்கடாத்ரியின் தந்தை சென்னப்ப நாயக்கர் பெயரால்தான் சென்னப்பட்டினம் வந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். சென்னக் கேசவப் பெருமாள் பெயரால் வந்தது என்பவர்களும் உண்டு. முதலில் சொன்னபடி பார்த்தால், இங்கே பெயர் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. மலையின் பெயர் மகனுக்கு வந்தது, தகப்பனின் பெயர் ஊருக்குப் போனது. ஒரே குடும்பத்தில் இடம் ஆளானதும் ஆள் இடமானதும் நடந்திருப்பதை அந்தப் பெண்ணுக்குச் சொன்னபோது, அவள் நோட்டில் இரண்டு அம்புக்குறி போட்டுக்கொண்டாள்.

பெயர் வைக்க மலைக்கே போக வேண்டும் என்பதும் இல்லை. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில் என்று நாம் சொல்கிறோமே, அங்கே கருவறையில் மீசையோடு நிற்கும் மூலவரின் பெயர் வேங்கடகிருஷ்ணன். வேங்கடத்தானைத் தேரோட்டிய கண்ணனாகப் பார்க்க வேண்டும் என்று சுமதி என்ற அரசன் கேட்க, இங்கே அப்படிக் காட்சி கொடுத்தார் என்பது தலபுராணம். அதனால் திருவல்லிக்கேணி வீடுகளில் வேங்கடகிருஷ்ணன் என்று பெயர் வைத்தவர்கள் தெருக்கோடியில் இருக்கும் பெருமாளை நினைத்தே வைத்திருப்பார்கள். இரண்டு மைல் தெற்கே மயிலாப்பூர், பேயாழ்வார் பிறந்த ஊர். அவருடைய மூன்றாம் திருவந்தாதியில் வேங்கடம் திரும்பத் திரும்ப வருகிறது. 'தாழ்சடையும் நீள்முடியும்' என்று தொடங்கும் பாசுரத்தில், திருமலைமேல் இருப்பவனிடம் சிவனுடைய சடையும் மழுவும் திருமாலுடைய முடியும் சக்கரமும் ஒன்றாய் இசைந்திருக்கக் காண்கிறார். வேங்கடசுப்பிரமணியன் என்று மாமனையும் மருமகனையும் ஒரே பெயரில் சேர்ப்பது விநோதமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு இந்தப் பாசுரத்தைச் சொல்வேன்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர் வேறு, பெயராகவே நிற்கும் ஊர் வேறு. உ.வே.சாமிநாதையர் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 'உ' என்பது உத்தமதானபுரம். அது அவர் ஊர், விலாசம். 'வே' என்பது அவருடைய தந்தை வேங்கடசுப்பையர். அதிலும் ஓர் இடம் இருக்கிறது, ஆனால் அது விலாசம் இல்லை. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு எழுத்தில் இரண்டும் விளங்கிவிடுகிறது.

அவருக்கே பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன் என்பது பலருக்குத் தெரியாது. சாமிநாதன் என்பது வீட்டில் கூப்பிட்ட பெயர். பாடம் கேட்கப் போன இடத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அந்த இரண்டாவது பெயர் பிடித்துப்போக, அதுவே நிலைத்தது. 'வீங்குநீர் அருவி வேங்கடம்' வரும் சிலப்பதிகாரத்தை 1892இல் அச்சிட்டுக் கொடுத்தவர் வேங்கடராமனாகப் பிறந்தவர். 1903இல் அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தார். அப்போது அதே கடற்கரைக் கல்லூரியில் ஓர் இளம் மாணவர் படித்துக்கொண்டிருந்தார். 1904இல் பி.ஏ., 1907இல் எம்.ஏ. முடித்த அவர் பெயரும் வேங்கடராமன். உலகத்துக்கு சி.வி.ராமன். 'சி' தந்தையார் சந்திரசேகரர். 'வி' என்பது வேங்கடராமனின் முன்பாதி வெட்டுப்பட்டுத் தனியே நின்றது. 1928இல் கண்டுபிடித்த ஒளிச்சிதறலுக்கு ராமன் விளைவு என்று பெயர் வந்தபோது மலை முதலெழுத்துக்குள் ஒளிந்துகொண்டது.

மூன்றாவது ஒரு வேங்கடராமன் 1896இல் மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பித் திருவண்ணாமலைக்குப் போனார். பின்னால் அவர் ரமண மகரிஷி. ஒரு மலையின் பெயரைச் சுமந்து பிறந்தவர் இன்னொரு மலையின் அடியில் உட்கார்ந்துவிட்டார். அவரிடமும் நமக்குத் தங்கியது பெயரின் பின்பாதி மட்டும்தான்.

எழுத்தைப் பற்றிக் கொஞ்சம். வேங்கடம் என்று நெடிலில் எழுதுவதுதான் பழைய முறை. பேச்சில் முதல் எழுத்து குறுகி வெங்கட்டு, வெங்கி என்று ஆகிவிட்டது, இன்று பத்திரிகைகளிலும் வெங்கடேசன் என்றே வருகிறது. இரண்டும் ஒரே பெயர்தான். சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள், அலைச்சல் மிச்சம்.

வேண்டுதல் இல்லாத வீட்டிலும் இந்தப் பெயர் இருக்கும். காரணம், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் சுருக்கம், தாத்தாவின் பெயரைக் கொண்டவன். என் தம்பி வெங்கடேஷ் அப்படி வந்தவன். அவனுக்காக யாரும் அரிசிப் பானையில் காசு புதைக்கவில்லை. மலை, பெருமாள், தாத்தா என்று மூன்று படி இறங்கி வந்த பெயர் அது.

இது பெருமாளுக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. பெரம்பூர்ப் பக்கம் லூர்துசாமி, லூர்துமேரி என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். லூர்து பிரான்சு நாட்டில் ஒரு சிற்றூர். 1858இல் அங்கே ஒரு குகையில் பெர்னதெத் என்ற பதினான்கு வயதுப் பெண்ணுக்கு மாதா பதினெட்டு முறை காட்சி கொடுத்தார் என்று கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். ஊர் பெயர் மாதாவின் பெயராகி, அங்கிருந்து பெரம்பூரின் லூர்து அன்னை கோயில் வழியாக இங்குள்ள பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது. வேளாங்கண்ணி என்று பெண்களுக்குப் பெயர் இருப்பதும், முஸ்லிம் வீடுகளில் நாகூர் மீரான், நாகூர் கனி என்று இருப்பதும் இதே நடைதான். ஊர், அங்கே குடியிருக்கும் தெய்வமோ மகானோ, பிறகு பிள்ளை. நடுப்படி எங்கும் மாறவில்லை.

இதில் ஒன்றை நான் பல வருடமாகக் கவனித்திருக்கிறேன். மலைகள் பெரும்பாலும் ஆண்களாகின்றன: அண்ணாமலை, ஏழுமலை, மருதமலை, சென்னிமலை. ஆறுகள் பெண்களாகின்றன: காவேரி, கங்கா, யமுனா, பொன்னி. பழனியம்மாள், காசியம்மாள் போன்ற பெயர்களில் தலப்பெயரோடு 'அம்மாள்' சேர்ந்தால்தான் பெண்பெயர் ஆகிறது. ஆற்றுக்கு அந்த ஒட்டும் தேவைப்படவில்லை.

எல்லைச் செய்யுளில் வந்த வேங்கடம் இன்று தமிழ்நாட்டு எல்லைக்குள் இல்லை. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருப்பதி அந்தப் பக்கம் போனது. ம.பொ.சிவஞானமும் அவரோடு நின்றவர்களும் வட எல்லைக்காகப் போராடினார்கள். அதன் பலனாக 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. தணிகாசலத்தின் மலை எல்லைக்குள், வேங்கடாசலத்தின் மலை எல்லைக்கு வெளியே. ஆனால் எங்கள் தெருவில் இரண்டு பேருமே அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். மலைக்கும் நமக்கும் நடுவே கோடு போட்ட பிறகும் யாரும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "மலையும் சாமியும் தாத்தாவும் ஒரே பேர்னா, பாட்டி எப்படிக் கூப்பிடுவாங்க?"

பாட்டி கூப்பிட்டதே இல்லை. அந்தக் காலத்தில் மனைவி கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தாத்தாவின் பெயர் மலையின் பெயரும் ஆனதால் பாட்டியால் மலையின் பெயரையும் சொல்ல முடியவில்லை, சாமியின் பெயரையும் சொல்ல முடியவில்லை. திருப்பதிக்குப் போவதை "மேலே போறோம்" என்பார். விளக்கேற்றி நிற்கும்போது 'பெருமாளே' என்பதோடு சரி. தம்பியைக் கடைசி வரை "பெரியவனே" என்றுதான் கூப்பிட்டார். அம்மாவுக்கும் அது மாமனார் பெயர், அதனால் அவருக்கு அவன் "சாமி".

புரட்டாசி வந்தால் திருப்பதிக் கருட சேவைக்காகச் சென்னையிலிருந்து வெண்பட்டுக் குடைகள் கிளம்பும். பூக்கடை சென்னக் கேசவப் பெருமாள் கோயிலில் பூசை முடிந்து, யானைகவுனியைத் தாண்டி, சூளை வழியாக அயனாவரம், வில்லிவாக்கம், திருவள்ளூர் என்று திருமலை வரை போகும். குடைகள் எங்கள் பக்கம் வரும்போது இருட்டிவிடும். பாட்டி தலைக்குக் குளித்து, ஈரமுடியை முடிந்துகொண்டு, கற்பூரத் தட்டோடு தெருமுனையில் நிற்பார். நான் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கூட்டத்துக்கு மேலே குடைகள் சுழன்று வரும், ஓரத்தில் தொங்கும் குஞ்சலங்கள் விளக்கு வெளிச்சத்தில் மின்னும். முன்னால் போகிறவர்கள் "ஏடுகொண்டலவாடா, வேங்கடரமணா" என்று குரல் எடுப்பார்கள், தெருவே சேர்ந்து கத்தும். பாட்டி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தட்டை மட்டும் உயர்த்திக் காட்டுவார். அந்தப் பெயர் கடந்து போனதும், எல்லோரையும்விடச் சத்தமாக அவர் குரல் எழும்: "கோவிந்தா! கோவிந்தா!"